நட்பு நாட்டை வேவு பார்க்கச் சொல்லி என்னிடம் கேட்டார்கள்: தமிழ்நாடு, புதுச்சேரி நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

உங்களில் ஒருவருடைய நார்த் அவென்யூ வீட்டுக்கு மூன்று முறை வந்தேன். மூன்றாவது முறை உதவியாளர் என் மனுவை வாங்கி முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது செக்யூரிட்டி விஷயம்மா, சபையில கேக்கற கேள்வி இல்ல. நட்பு நாட்டுலயும் ஒற்றன் வைக்கணும்னு சாணக்கியரே சொல்லியிருக்கார்" என்றார். நான் அந்த மனுவில் கேட்டிருந்தது இதுதான்: நமக்கு நண்பர்கள் என்று நாமே சொல்லிக்கொள்ளும் நாடுகளை நம் அரசு வேவு பார்க்கலாமா? பார்க்கலாம் என்றால் அதை யார், எந்தச் சட்டத்தின் கீழ் முடிவு செய்கிறார்கள்? ஒரு வாசலில் வாங்க மறுத்த மனுவை இப்போது எல்லோருக்கும் எழுதுகிறேன். மக்களவையில் தமிழ்நாட்டுக்கு 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர், புதுச்சேரிக்கு இரண்டு அவையிலும் ஒவ்வொருவர். மொத்தம் 59 பேர். கட்சி எதுவானாலும் இது உங்கள் எல்லோருக்கும்தான்.

நான் 1994 முதல் 2016 வரை சாணக்கியபுரியில் ஒரு நட்பு நாட்டின் தூதரகத்தில் வேலை பார்த்தேன். எந்த நாடு என்று எழுதப் போவதில்லை. நம்மோடு வியாபாரம் செய்கிற, நம் பிள்ளைகள் படிக்கப் போகிற, நம் பிரதமர்கள் போனால் கட்டித் தழுவுகிற நாடுகளில் ஒன்று. பத்திரிகைப் பிரிவில் மொழிபெயர்ப்பாளர் வேலை. விடிகாலையில் யமுனைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, தமிழ், இந்திப் பத்திரிகைகளைப் படித்து, தேவையானதை வெட்டி ஒட்டி, பத்தரை மணிக்குள் சுருக்கம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எங்களை லோக்கல் ஸ்டாஃப் என்பார்கள். மூன்றாம் மாடிக்கு நாங்கள் போகக் கூடாது. மற்றபடி டிரைவர், சமையல்காரர், தோட்டக்காரர், விசா கவுண்டரில் உட்காருகிறவர் என்று நாங்கள் எல்லா இடத்திலும் இருப்போம். தில்லியில் நூற்றுக்கும் அதிகமான தூதரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எங்களைப் போன்ற இந்தியர்கள் இருக்கிறார்கள். இந்த மடல் அவர்களுக்காகவும்தான்.

2013 ஜூன் மாதம், அமெரிக்க உளவு அமைப்புக்காக வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன் கொண்டுவந்த ஆவணங்கள் வெளியாகத் தொடங்கின. ஜூலை தொடக்கத்தில் வாஷிங்டனிலுள்ள இந்தியத் தூதரகமும் அமெரிக்காவின் வேவுப் பட்டியலில் இருந்தது என்று செய்தி வந்தது. அந்தப் பட்டியலில் 38 தூதரகங்களும் அலுவலகங்களும் இருந்தன. பிரான்ஸ், இத்தாலி, ஜப்பான், தென்கொரியா என்று அமெரிக்காவின் நெருங்கிய கூட்டாளிகளும் அதில் உண்டு. அப்போதைய வெளியுறவு அமைச்சர் சல்மான் குர்ஷித், அது உண்மையில் வேவு பார்ப்பது இல்லை, அழைப்புகளின் போக்கைக் கணினியில் ஆராய்வதுதான் என்கிற மாதிரி பேசினார். அந்தச் செய்தியை நான்தான் வெட்டி ஒட்டினேன். நம் வீட்டு ஜன்னல் வழியாக ஒருவன் எட்டிப் பார்த்தான் என்றால், அவன் கணக்கெடுக்கத்தான் பார்த்தான் என்று வீட்டுக்காரரே சமாதானம் சொல்வதா என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு ஆத்திரம் வந்தது.

அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. 2010-இல் பாஜகவையும் வேவு பார்க்க அமெரிக்க உளவு அமைப்புக்கு அனுமதி தரப்பட்டிருந்தது என்று 2014 ஜூன் கடைசியில் செய்தி வந்தது. உடனே அமெரிக்கத் தூதரக அதிகாரியை அழைத்துக் கண்டித்தார்கள். ஜூலை 31 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஜான் கெர்ரி தில்லி வந்தபோது நம் வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பத்திரிகையாளர்கள் முன் சொன்னார்: நாம் இருவரும் நட்பு நாடுகள், ஒரு நட்பு நாடு இன்னொரு நட்பு நாட்டை வேவு பார்ப்பதை எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் ஏற்க முடியாது. எனக்கு அவர் கட்சி மேல் பிடித்தம் கிடையாது. ஆனால் அன்று அவர் பேசியதை மொழிபெயர்க்கும்போது பெருமையாக இருந்தது. பக்கத்து மேஜையில் இருந்த அந்த நாட்டுப் பெண்ணிடம், "பார், எங்கள் அமைச்சர் எப்படிச் சொன்னார்" என்று காட்டினேன்.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. 2015 தை மாதம், ஒரு கிருத்திகை நாள் சாயங்காலம். ராமகிருஷ்ணபுரம் மலை மந்திரில் தரிசனம் முடித்துப் படியிறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். "அக்கா, நீங்க அம்பாசமுத்திரம் பக்கம்தானே? நானும் திருநெல்வேலிதான்" என்று ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். மரூன் கலர் கையில்லாத ஸ்வெட்டர், நெற்றியில் திருநீறு, கையில் பஞ்சாமிர்தப் பொட்டலம். தில்லிக் குளிரில் ஊர்ப் பேச்சைக் கேட்டால் யாருக்குத்தான் மனசு இளகாது? பத்து நிமிஷம் நின்று பேசினேன். என் அப்பா பெயர், என் பையன் எந்தக் காலேஜ், நான் எந்த பஸ்ஸில் ஏறுகிறேன் என்பதெல்லாம் அவருக்கு முன்பே தெரிந்திருந்தது என்று வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது.

இரண்டாவது முறை அவர் விஷயத்துக்கு வந்தார். தூதர் வீட்டு விருந்துகளுக்கு யார் யார் வருகிறார்கள், வியாபாரப் பேச்சுவார்த்தைக்கு வரும் குழுவில் யார் பேசுவார், யார் கேட்பார், என் பிரிவில் கிழித்துப் போடுகிற காகிதங்கள் எங்கே போகின்றன. "பெரிசா ஒண்ணும் வேண்டாம்க்கா, கண்ணுல படறதைச் சொன்னா போதும்" என்றார். எந்த அலுவலகம் என்று கேட்டேன். சிரித்தார். இன்றுவரை எனக்குத் தெரியாது, இங்கே ஊகித்து எழுதவும் மாட்டேன். நான் முடியாது என்றேன். அதற்கு அவர் கோபப்படவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க இந்தியர்தானேக்கா?" என்று மட்டும் கேட்டார்.

உறுப்பினர்களே, அந்தக் கேள்வி பத்து வருஷமாக என்னை விடவில்லை.

மூன்றாவது முறை சந்தித்தபோது, போகிற போக்கில் என் பையனுடைய பாஸ்போர்ட் விண்ணப்பத்தைப் பற்றி விசாரித்தார். நான் அவரிடம் அதைப் பற்றிச் சொன்னதே இல்லை. அந்தப் பாஸ்போர்ட் போலீஸ் வெரிஃபிகேஷனில் ஏழு மாதம் தங்கியது. எங்கள் தெருவிலேயே அதே மாதம் விண்ணப்பித்த இரண்டு பேருக்கு மூன்று வாரத்தில் வந்துவிட்டது. பையனுக்கு வெளிநாட்டில் கிடைத்திருந்த எம்.எஸ். சீட் செப்டம்பரில் கைவிட்டுப் போயிற்று. அவர் கேட்டதற்கும் இந்தத் தாமதத்துக்கும் தொடர்பு உண்டா? என்னால் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாதபடி இருப்பதுதான் என் முறையீடே. யாரிடம் போய்ப் புகார் எழுதுவேன்? பெயர் தெரியாத ஒரு மனிதர், பெயர் தெரியாத ஓர் அலுவலகம், கோவில் வாசலில் நடந்த பேச்சு.

என் வேலை ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. வெளியாட்கள் தகவல் கேட்டு அணுகினால் தூதரகப் பாதுகாப்பு அதிகாரிக்குச் சொல்லிவிட வேண்டும். பையன் சீட் போன பிறகு நான் சொன்னேன். அந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார், இரண்டு மணி நேரம் எழுதிக்கொண்டார், நேர்மைக்கு நன்றி என்றார். அடுத்த மார்ச்சில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 22 வருஷத்தில் ஒரு தடவைகூட அப்படி நடந்ததில்லை. ஒரு முறை அணுகப்பட்டவர் மறுபடியும் அணுகப்படலாம், அந்தச் சுமையை நாங்கள் ஏற்க முடியாது என்று என் மேலதிகாரி கண் கலங்கச் சொன்னார். என் நாட்டுக்கு நான் போதுமான இந்தியர் இல்லை, அவர்கள் நாட்டுக்கு நான் ரொம்பவே இந்தியர். 49 வயதில் ஒரு அட்டைப் பெட்டியில் என் அகராதிகளை அடுக்கிக்கொண்டு சாந்தி பத் பஸ் நிறுத்தத்தில் நின்றேன்.

என்னுடைய கதையாவது பரவாயில்லை. எங்கள் டிரைவர் ஒருவர் இருந்தார், கட்வால் மலைப் பக்கத்துக்காரர். அவர் ஒப்புக்கொண்டிருந்தார். மாதம் 2,000 ரூபாய்க்கு வண்டியின் லாக் புக்கை போனில் படம் எடுத்துக் கொடுப்பார். எத்தனை மணிக்கு எந்த வீட்டுக்கு, எத்தனை கிலோமீட்டர், திரும்பியது எப்போது. நான் சொன்னதை வைத்து எல்லா லோக்கல் ஸ்டாஃபையும் விசாரித்தபோது அவர் மாட்டிக்கொண்டார். அன்று மாலையே சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். என் வாயால் அவர் வேலை போனது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. அவர் எடுத்துக் கொடுத்த அந்தப் பயணங்களில் பாதி, மறுநாள் பத்திரிகையில் படத்தோடு வந்து நானே வெட்டி ஒட்டியவை. தூதர் எந்த அமைச்சரைப் பார்த்தார், எந்தத் தொழிற்சங்கக் கூட்டத்துக்குப் போனார் என்பதைத் தெரிந்துகொள்ள ஐந்து ரூபாய்ப் பத்திரிகை போதும். அதற்கு ஒரு குடும்பத்தின் சோறு போனது. அவரைத் தேடிவந்த ஆள் அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், இதைச் சட்டம் இயற்றுகிற நீங்கள் கவனிக்க வேண்டும். 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைப்படி ஒரு தூதரகத்தின் ஆவணங்கள் எங்கே இருந்தாலும் அவற்றை யாரும் தொடக் கூடாது, அதன் அலுவல் கடிதங்களும் அப்படியே. இதற்கு 1972-இல் நம் நாடாளுமன்றமே தனிச் சட்டம் போட்டு இந்தியாவில் சட்ட பலம் கொடுத்தது. அப்படியானால் கிழித்துப்போட்ட காகிதத்தைக் கொண்டுவரச் சொன்னவர், ஓர் இந்தியக் குடிமகளை இந்தியச் சட்டத்தையே மீறச் சொன்னார். அதையும் தேசப்பற்றின் பெயரால். அவர் கேட்ட கேள்விக்கு இப்போது நான் பதில் சொல்கிறேன். ஆமாம், நான் இந்தியர்தான். அதனால்தான் மாட்டேன் என்றேன்.

என் அப்பா மத்திய அரசில் ஸ்டெனோகிராபர். அந்தக் காலத்தில் தில்லி அமைச்சகங்களில் டைப்ரைட்டர் சத்தம் கேட்கும் அறையில் எட்டிப் பார்த்தால் தஞ்சாவூர், திருநெல்வேலி, பாலக்காட்டு முகங்கள்தான். 1985 ஜனவரியில் எனக்குப் பதினெட்டு வயது. பிரதமர் அலுவலகத்திலிருந்தே ரகசியக் காகிதங்கள் வெளியே போய் நகலெடுக்கப்பட்டுத் திரும்பி வந்தது கண்டுபிடிக்கப்பட்டது. கூமர் நாராயண் வழக்கு என்பார்கள். காகிதங்களை வாங்கியவர்களாகச் சொல்லப்பட்டது பாகிஸ்தானோ சீனாவோ இல்லை. பிரான்ஸ், சோவியத் யூனியன், போலந்து, கிழக்கு ஜெர்மனி. எல்லாம் அன்று நமக்கு வேண்டப்பட்ட நாடுகள். பிரெஞ்சுத் தூதர் ஊருக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. தன் அலுவலக ஆட்களே சிக்கியதால் பிரதமரின் முதன்மைச் செயலாளர் பி.சி. அலெக்சாண்டர் பதவி விலகினார். கீழ்மட்ட ஊழியர்கள் மீதான வழக்கில் தீர்ப்பு வர 2002 ஆனது. அந்த ஜனவரி முழுக்க அப்பாவின் டிபன் பாக்ஸை வாசலில் திறந்து காட்டச் சொன்னார்கள். தயிர் சாதத்துக்கு நடுவில் ஸ்பூனை விட்டுப் பார்த்தார்கள். முப்பது வருஷம் ஒரு பேப்பர் கிளிப்பைக்கூட வீட்டுக்குக் கொண்டு வராதவர், அந்தச் சாதத்தைச் சாப்பிடாமல் அப்படியே திரும்பக் கொண்டு வந்தார். நண்பன் வேவு பார்த்தால் அவமானம் யார் தலையில் விழும் என்பதை நான் அன்றே பார்த்துவிட்டேன்.

"எல்லா நாடும் செய்யுது, நாம மட்டும் சும்மா இருக்கணுமா?" என்று என் தம்பியே கேட்கிறான். செய்த நாடுகளுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். ஜெர்மனியின் ஆட்சித் தலைவராக இருந்த அங்கேலா மெர்க்கலின் கைபேசியை அமெரிக்கா ஒட்டுக்கேட்டது என்று 2013 அக்டோபரில் தெரிந்தபோது, நண்பர்களுக்குள் வேவு பார்ப்பது கூடவே கூடாது என்றார் அவர். இரண்டே வருஷத்தில் அவருடைய சொந்த உளவு அமைப்பும் ஐரோப்பிய நட்பு நாடுகளையும் அமெரிக்காவையுமே வேவு பார்த்தது வெளியே வந்தது. மெர்க்கல் 2017-இல் நாடாளுமன்ற விசாரணைக் குழு முன் உட்கார்ந்து பதில் சொன்னார். 2020 மே மாதம் ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம், வெளிநாட்டில் இருக்கும் வெளிநாட்டவரை வேவு பார்க்கும்போதும் அரசு அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட்டதுதான் என்று தீர்ப்பளித்தது. தப்பு நடந்ததுதான். ஆனால் அங்கே கேட்க ஒரு குழு இருந்தது, போக ஒரு நீதிமன்றம் இருந்தது, பிறகு சட்டமும் மாறியது.

கிழக்குத் திமோர் கதை இன்னும் மோசம். 2002-இல்தான் சுதந்திரம் அடைந்த சின்ன, ஏழை நாடு. கடலடி எண்ணெய், எரிவாயுவைப் பங்கு போட 2004-இல் ஆஸ்திரேலியாவோடு பேசிக்கொண்டிருந்தது. உதவித் திட்டத்தின் பெயரில் அவர்களுடைய அரசுக் கட்டடத்தைப் புதுப்பிக்கும் சாக்கில் அமைச்சரவை அறையிலேயே ஒட்டுக்கேட்கும் கருவி வைத்தார்கள் என்று, அதில் பங்கெடுத்த ஆஸ்திரேலிய உளவு அதிகாரி ஒருவரே பின்னால் வெளிப்படுத்தினார். திமோர் சர்வதேச நீதிமன்றம் வரை போனது. 2018-இல் புதிய கடல் எல்லை ஒப்பந்தம் போட வேண்டி வந்தது. இதில் தண்டனை பெற்றவர் யார் தெரியுமா? கருவி வைக்கச் சொன்னவர் இல்லை. உண்மையைச் சொன்ன அந்த அதிகாரிதான். சோறு போடுகிற கையாலேயே சட்டைப்பையைத் துழாவுவதற்குப் பெயர் தேசப் பாதுகாப்பு இல்லை. வியாபாரக் குழுவில் யார் பேசுவார், யார் கேட்பார் என்று என்னிடம் கேட்கப்பட்டதும் இந்த ரகம்தான்.

நம்மைப் பற்றியும் வெளியே பேசுகிறார்கள். 2019 டிசம்பரில் பிராங்க்பர்ட் நீதிமன்றம் அங்கே வாழ்ந்த ஓர் இந்தியத் தம்பதியைத் தண்டித்தது. சீக்கியர்களையும் காஷ்மீரிகளையும் பற்றி இந்திய உளவு அதிகாரிக்குத் தகவல் கொடுத்தார்கள் என்பது வழக்கு. 2020-இல் ஆஸ்திரேலியா இந்திய உளவு அதிகாரிகளை வெளியேற்றியது என்று 2024-இல் அந்த ஊர்ப் பத்திரிகைகள் எழுதின. அவர்களுடைய அரசு நாட்டின் பெயரை வெளிப்படையாகச் சொல்லவில்லை. கனடாவின் குற்றச்சாட்டு அங்கே நடந்த ஒரு சீக்கியர் கொலை பற்றியது, நம் அரசு மறுத்திருக்கிறது. அதை இதோடு சேர்த்துக் குழப்ப மாட்டேன். ஆனால் பிராங்க்பர்ட்டில் கூண்டில் நின்றது யார் என்று பாருங்கள். பிழைக்கப் போன குடும்பம். அவர்களை அணுகியவர் கூண்டில் நிற்கவில்லை. உங்கள் தொகுதிகளிலிருந்து எத்தனை பிள்ளைகள் ஜெர்மனியிலும் ஆஸ்திரேலியாவிலும் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள்! நாளைக்கு அவர்களில் ஒருவரிடம் ஒரு கோவில் வாசலில் ஊர்ப் பேச்சோடு ஒருவர் வந்து நின்றால்?

டேவிட் ஹெட்லியைச் சொல்வார்கள். சொல்லட்டும், நியாயமான கேள்விதான். 2008 நவம்பரில் மும்பையில் 166 பேர் சாகக் காரணமான தாக்குதலுக்கு உளவு பார்த்துக் கொடுத்தவன் அமெரிக்கப் போதைத் தடுப்பு அமைப்புக்குத் தகவல் கொடுத்து வந்த ஆள். அவனைப் பற்றி அமெரிக்காவுக்கு முன்பே எச்சரிக்கைகள் போயிருந்தன. நண்பன் தெரிந்ததைச் சொல்லவில்லை என்கிற வலி எனக்கும் உண்டு. ஆனால் ஹெட்லியின் வாயிலிருந்து நமக்கு உண்மை எப்படிக் கிடைத்தது? தில்லி விடாமல் கேட்டு, நெருக்கி, 2010 ஜூனில் நம் தேசியப் புலனாய்வு முகமை ஆட்கள் சிகாகோவுக்கே போய் அவனை நேரில் விசாரித்தார்கள். 2016-இல் அவன் வீடியோ வழியாக மும்பை நீதிமன்றத்தில் சாட்சி சொன்னான். எல்லாம் நேர் வாசல் வழியாக நடந்தது. இந்திய உயிர்களுக்கு ஆபத்து, கேட்டும் நண்பன் சொல்ல மறுக்கிறான் என்ற நிலை வந்தால், எழுத்து மூலமான அனுமதியோடு, பின்னால் பதில் சொல்லக் கூடிய ஒருவரின் கையெழுத்தோடு ரகசியமாக விசாரிப்பதை நான்கூட எதிர்க்க மாட்டேன். விருந்துக்கு யார் வந்தார் என்பது அந்த வகையில் சேராது.

சாணக்கியரை இழுத்த அந்த உதவியாளருக்கும் ஒரு வார்த்தை. அர்த்தசாஸ்திரம் நண்பன் அரண்மனையிலும் ஒற்றர் வைக்கச் சொல்வது உண்மைதான். அது யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத அரசனுக்கு எழுதியது. உங்கள் உறுப்பினர் அரசியல் சாசனத்தின் பேரில் உறுதிமொழி எடுத்தவர்.

அந்தச் சாசனத்தின் கீழ் நம் உளவு அமைப்புகளுக்கு நாடாளுமன்றம் போட்ட அமைப்புச் சட்டமே கிடையாது. உளவுத் துறையான ஐ.பி. 1887-இலிருந்து இருக்கிறது. வெளிநாட்டு உளவு அமைப்பான ரா 1968 செப்டம்பரில் ஓர் அரசாணையால் தொடங்கியது. சி.பி.ஐ.க்காவது 1946-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, இவற்றுக்கு அதுவும் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் 24-ஆம் பிரிவில் விலக்கு. 2010 ஜனவரியில், ரா அமைப்பின் முதல் தலைவர் காவ் நினைவுச் சொற்பொழிவிலேயே, குடியரசுத் துணைத் தலைவராக இருந்த ஹமீத் அன்சாரி இவை நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார். 2011-இல் காங்கிரஸ் உறுப்பினர் மணீஷ் திவாரி தனிநபர் மசோதாவே, அதாவது அமைச்சராக இல்லாத உறுப்பினர் தானே வைக்கிற மசோதாவே, கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. பிரிட்டனில் 1994-லேயே சட்டமும் நாடாளுமன்றக் குழுவும் வந்தாயிற்று. அமெரிக்காவில் செனட் குழு 1976 முதல் இருக்கிறது. அவர்களும் தப்பு செய்கிறார்கள், ஆனால் அங்கே கேள்வி கேட்க உரிமை உள்ள நாற்காலி ஒன்றாவது இருக்கிறது. உங்கள் அவையில் அப்படி ஒன்று இல்லை. காவிரிக்கு, மீனவருக்கு, நீட்டுக்கு எழுந்து நிற்கிறீர்கள், அது வேண்டும். இதற்கும் எழுந்து நில்லுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். உங்களில் ஒருவராவது வரும் கூட்டத்தொடரில் உளவு அமைப்புகளுக்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவாருங்கள். நட்பு நாடுகள் என்று வரும்போது எது கூடாது என்பதை அதில் வெளிப்படையாக எழுதுங்கள்: வியாபார ஆதாயத்துக்காக வேவு பார்க்கக் கூடாது, தூதரகக் கடிதங்களைத் தொடக் கூடாது, உயிர் ஆபத்து என்கிற காரணத்துக்கு மட்டும் அமைச்சரின் எழுத்து அனுமதி வேண்டும், அந்த அனுமதியைப் பிறகு ரகசியமாகவாவது பார்க்கிற அதிகாரம் இரு அவை உறுப்பினர்களும் உள்ள ஒரு குழுவுக்கு வேண்டும். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் அந்தக் குழுவில் கட்டாயம் இருக்க வேண்டும்.

மசோதா நிறைவேற வருஷக்கணக்கில் ஆகலாம். அதுவரை காத்திராமல் வெளியுறவு அமைச்சரிடமும் உள்துறை அமைச்சரிடமும் எழுத்தில் ஓர் உறுதி கேளுங்கள்: தூதரகங்களில் வேலை பார்க்கும் இந்தியர்களையும் அவர்கள் குடும்பத்தையும் தகவலுக்காக நெருக்க மாட்டோம், பாஸ்போர்ட், வெரிஃபிகேஷன், வாடகை வீட்டுச் சான்று எதையும் அதற்கு ஆயுதமாக்க மாட்டோம் என்று. மீறினால் புகார் கொடுக்கப் பெயரும் முகவரியும் உள்ள ஒரு இடம் வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் அங்கே இருந்தால் போதும், நான் முதல் புகாரை எழுதிக் கொடுக்கிறேன். என் பெயர், தேதிகள், நான் அன்றன்று டைரியில் குறித்து வைத்தது எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. வேலை இழந்த அந்த டிரைவரைப் போன்றவர்களுக்கு நஷ்டஈடு தர வழி உண்டா என்பதையும் கேளுங்கள். அவரைப் பயன்படுத்தியது நம் அரசு என்றால், கைவிட்டதற்கும் அதுதான் பொறுப்பு.

அப்புறம், வெளிநாட்டில் நம் மேல் இப்படி ஒரு குற்றச்சாட்டு வந்தால் செய்தித் தொடர்பாளர் சொல்கிற இரண்டு வரியோடு விடாமல், அமைச்சர் அவையில் அறிக்கை வைக்க வேண்டும் என்று கேளுங்கள். 2014-இல் கெர்ரியிடம் சொன்னது நம் நாட்டுக்கும் பொருந்துமா, பொருந்தாதா என்று ஒரு முறை நேராகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

தனிநபர் மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் கடைசி இரண்டரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். உங்கள் 59 பேரில் யார் அந்த நேரத்தைக் கேட்கப் போகிறீர்கள் என்று தெரிவியுங்கள். தில்லியில்தான் இருக்கிறேன். கூப்பிட்டால் டைரியை எடுத்துக்கொண்டு நார்த் அவென்யூவுக்கு நான்காவது முறையும் வருவேன்.

இப்படிக்கு,
சாணக்கியபுரியில் 22 ஆண்டுகள் வேலை பார்த்த ஒரு தில்லித் தமிழ்ப் பெண்